காழி இல்லாத ஊரில் மனைவியின் முறையீடு

திருவிடைமருதூர் வட்டாரத்து மஹல்லா ஒன்றில் கணவனின் கைக்கும் சொல்லுக்கும் ஆளாகி நொந்துபோன பெண், நியாயம் வேண்டி எங்கே போகிறாள்? முதலில் தாய்வீட்டுக்கு. அடுத்து பள்ளிவாசல் ஜமாஅத்துக்கு. அங்கே தீராவிட்டால் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு. இறுதியில் நடுவர் மன்றத்துக்கோ குடும்ப நல நீதிமன்றத்துக்கோ. இந்த வரிசை ஆதிமுதல் இருந்து வருவதாக நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் இது நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட வயதுடையது. 1864ஆம் ஆண்டின் ஒரு சட்டம் நம் ஊர்களில் உண்டாக்கிய வெற்றிடத்தைச் சுற்றியே இது வளர்ந்தது. அந்த வெற்றிடத்தின் வரலாற்றை அறியாமல் ஜமாஅத்தையும் நீதிமன்றத்தையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுவோர் இரு தரப்பிலும் இருக்கின்றனர்.

முதலில் மூலத்துக்குச் செல்வோம். ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) அவர்களின் செய்தி முவத்தாவிலும் அபூதாவூதிலும் இடம்பெறுகிறது. கணவர் அடித்ததில் அவருக்குக் காயம் ஏற்பட்டது என்பதை அபூதாவூதின் அறிவிப்பு மறைக்காமல் சொல்கிறது. விடியற்காலை இருள் பிரியுமுன் அவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாசலில் நின்றார். பொறுமை காக்கும்படி உபதேசித்து அவர் திருப்பி அனுப்பப்படவில்லை. கணவர் அழைக்கப்பட்டார், மஹராகக் கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பிரியும்படி பணிக்கப்பட்டார், ஹபீபா (ரலி) தம் குடும்பத்தாரின் வீட்டில் தங்கினார். குல்உ சட்டத்தின் தோற்றுவாயாக இச்செய்தியை நாம் கற்பிக்கிறோம். முறையீட்டை எவ்வளவு விரைவாகக் கேட்க வேண்டும் என்பதற்கும் இதில் முன்மாதிரி உண்டு என்பதை ஏனோ அதிகம் பேசுவதில்லை.

தம்பதியர் பிளவுபடும் நிலையில் இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு நடுவரை நியமிக்கும் ஏற்பாட்டைத் திருக்குர்ஆன் (4:35) தருகிறது. அந்த நடுவர்களின் அதிகாரம் எது என்பதில் இமாம்கள் வேறுபட்டனர். கணவன் அதிகாரம் அளித்தாலன்றி அவர்கள் இணக்கம் செய்துவைக்கலாமே தவிர பிரித்துவைக்க இயலாது என்பது ஹனஃபி மத்ஹப். மாலிகி மத்ஹபிலோ அவர்கள் தீர்ப்பாளர்கள். தேவையெனில் பிரித்தும் வைப்பர். துன்புறுத்தல் நிரூபணமானால் காழியே திருமணத்தை முறிக்கலாம் என்பதும் மாலிகி சட்டமே. நிரூபிக்க இயலாத பெண்ணின் முறையீடு திரும்பத் திரும்ப வந்தால், அத்தம்பதியரை நல்லோர் நடுவே குடியமர்த்தி அண்டையாரின் சாட்சியத்தைப் பெறும் வழக்கமும், நம்பகமான ஒரு பெண்மணியை அவ்வீட்டில் தங்கவைக்கும் வழக்கமும் மாலிகி காழிகளிடம் இருந்தன. மூடிய கதவுக்குள் நடப்பதற்கு வெளியிலிருந்து சாட்சி கிடைக்காது என்ற நடைமுறை உண்மையை அவர்கள் உணர்ந்திருந்தனர். இத்தனை கருத்துவேறுபாட்டிலும் எல்லா மத்ஹபுகளும் ஒன்றை முன்னனுமானமாகக் கொண்டிருந்தன: ஊரில் ஒரு காழி இருப்பார்.

தஞ்சைச் சீமையின் நிர்வாகம் 1799இல் கும்பினியார் கைக்கு வந்தது. தொடக்கத்தில் ஆங்கிலேய நீதிமன்றங்கள் முஸ்லிம் சட்ட அதிகாரிகளை உடன்வைத்துக்கொண்டே இயங்கின. 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் அப்பதவிகளை ஒழித்தது. அரசு காழிகளை நியமிக்கும் முறையும் அத்துடன் நின்றது. திருமணம் நடத்திவைக்கவும் ஆளின்றிச் சென்னை மாகாண முஸ்லிம்கள் இடர்ப்பட்டனர். அதன் விளைவாக, சர் ஸையித் அஹ்மத் கான் கொண்டுவந்த மசோதா 1880இல் காழிகள் சட்டமாயிற்று. காழி மீண்டார், ஆனால் எந்த நீதி அதிகாரமும் இச்சட்டத்தால் அவருக்குக் கிட்டாது என்று அதன் 4ஆம் பிரிவு தெளிவாக்கிவிட்டது. நிகாஹ் ஓதிவைக்கும் கை திரும்பியது. நிகாஹை முறிக்கும் அதிகாரம் திரும்பவில்லை.

இதன் பாரம் யார் தலையில் விழுந்தது? கணவனுக்குத் தலாக் சொல்ல எந்த மன்றமும் தேவைப்படவில்லை. காழியின் ஃபஸ்கு ஒன்றையே நம்பியிருந்த மனைவி கதியற்றாள். காவிரிப் படுகையின் உட்புற ஊர்களில் பெரும்பான்மையோர் ஹனஃபிகள். இம்மத்ஹபில் கொடுமைக்காக ஃபஸ்கு கோரும் வாசல் ஏற்கெனவே குறுகியது. கடலோரத்து ஷாஃபிஈகளின் நிலை சற்று வேறு. இதற்கு மேல் சபர் வாழ்க்கை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன கணவன்மார் சிலர் அங்கேயே வேறு குடும்பம் அமைத்தனர். சிலர் கடிதத்தையும் பணத்தையும் நிறுத்தினர். 1942இல் ஜப்பானியர் மலாயாவையும் பர்மாவையும் பிடித்தபோது கப்பலும் தபாலும் ஒருசேர அறுந்தன. காணாமற்போனவனின் மனைவி, அவனுடைய சமவயதினர் மறையும்வரை காத்திருக்க வேண்டும் என்பது ஹனஃபி நூல்களின் பழைய கருத்து. சிலர் அதைத் தொண்ணூறு வயது என மதிப்பிட்டனர். ஹிதாயாவில் இப்பாடம் வரும்போது இந்தக் கணக்கைக் கேட்டு மாணவர்கள் முறுவலிப்பதுண்டு. அது ஏட்டுக் கணக்கு அன்று, ஒருத்தியின் ஆயுள் என்று சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிடும்.

வடக்கே பஞ்சாபில் நிலைமை இன்னும் விபரீதமாயிற்று. கொடிய கணவனிடமிருந்து விடுபட வேறு வழி காணாத பெண்கள், மதம் மாறியதாக அறிவித்து நிகாஹை முறித்துக்கொண்டனர். 1930இல் வெளியான தம் சொற்பொழிவு நூலில் அல்லாமா இக்பால் இந்த அவலத்தைச் சுட்டினார். மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) அவர்கள் எழுதிய ‘அல்ஹீலத்துந் நாஜிஸா’ இச்சூழலில் பிறந்ததே. ஹனஃபி மத்ஹபின் பேரறிஞரான அவர், ஹிஜாஸின் மாலிகி முஃப்திகளிடம் ஃபத்வா பெற்று, காணாமற்போனவன், செலவுக்குக் கொடாதவன் முதலியோரின் மனைவியருக்கு மாலிகி சட்டத்தின்படி வழி திறந்தார். முஸ்லிம் நீதிபதி இல்லாத இடத்தில் நேர்மையான முஸ்லிம்களின் குழு காழியின் இடத்தில் நின்று தீர்ப்பளிக்கலாம் என்பதும் அந்நூலில் உள்ளது. மத்ஹபைக் கைவிடாமலே மத்ஹபின் எல்லையைக் கடக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நாம் அறியோம்.

காழி முஹம்மத் அஹ்மத் காஸ்மீ மத்தியச் சட்டமன்றத்தில் முன்வைத்த மசோதா, 1939 மார்ச் 17 அன்று முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமாக நிறைவேறியது. வழக்கை முஸ்லிம் நீதிபதியே விசாரிக்க வேண்டும் என்று உலமாக்கள் கோரிய பிரிவு நீக்கப்பட்டது. அது அவர்களுக்கு ஆறாத மனக்குறை. ஆயினும் இச்சட்டத்தின் உள்ளடக்கத்தை நம் மக்கள் போதிய அளவு படிக்கவில்லை. நான்காண்டுகள் இருப்பிடம் தெரியாமை, ஈராண்டுகள் ஜீவனாம்சம் தராமை ஆகியவை அதில் காரணங்கள். கொடுமை என்ற தலைப்பில், வழக்கமாகத் தாக்குவதோடு, உடலைத் தீண்டாமலே வாழ்வைத் துயரமாக்கும் நடத்தையும் சேர்க்கப்பட்டது. மனைவியின் சொத்தை விற்பதும், அதன்மீதான அவளது உரிமையைத் தடுப்பதும் கொடுமை. பல மனைவியரைத் திருக்குர்ஆன் கட்டளைப்படி நீதமாக நடத்தாமையும் கொடுமை. பொருளாதார வன்முறை என்று 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெயரிட்டு விளக்கியதன் ஒரு கூறு, நம் சட்டத்தில் அறுபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. மேலை நாட்டுச் சரக்கு என்று அந்தப் பிற்காலச் சட்டத்தை ஒதுக்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி ஜமாஅத்துக்கு வருவோம். ஆவணியாபுரம், சோழபுரம் போன்ற ஊர்களின் ஜமாஅத்துகள் எண்ணற்ற பிணக்குகளை வாசற்படி தாண்டாமல் தீர்த்திருக்கின்றன. ஏழைப் பெண்ணுக்குச் செலவில்லாத மன்றம் அதுவே. எனினும் தானவீ (ரஹ்) வகுத்த குழுவுக்கு நிபந்தனைகள் உண்டு: குறைந்தது மூவர், நேர்மை, மார்க்க ஞானம், ஒருமித்த முடிவு. செல்வத்தாலும் குடும்பப் பெருமையாலும் பொறுப்புக்கு வந்தோர், கணவனின் உறவினரையே உறுப்பினராய்க் கொண்டு, பெண்ணை வெளியே நிறுத்தி அவளுடைய தகப்பனிடம் பேசும் சபையை அந்நூலைக் காட்டி நியாயப்படுத்த இயலாது. 2000களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் பெண்கள் ஜமாஅத்தைத் தொடங்கியபோது எழுந்த கண்டனங்கள் நினைவிருக்கும். அதன் எல்லாக் கோரிக்கைகளோடும் நாம் உடன்படவில்லை. ஆனால் அங்கே வந்த பெண்கள், தங்கள் ஊர் ஜமாஅத்தில் தாங்களே பேச முடிந்திருந்தால் புதுக்கோட்டைக்குப் பேருந்து ஏறியிருக்க மாட்டார்கள்.

நீதிமன்றமும் எல்லையை வரையறுத்துவிட்டது. பதர் ஸயீத் தொடுத்த வழக்கில், காழிகள் தரும் தலாக் சான்று வெறும் கருத்துரையே என்று 2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. தனியார் ஷரீஅத் கவுன்சில்கள் குல்உ சான்று வழங்க இயலாது, பெண் குடும்ப நல நீதிமன்றத்தையே நாட வேண்டும் என்று 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் தீர்த்தது. ஆக, ஜமாஅத்தின் தாளை நம்பி மறுமணம் செய்யும் பெண் பின்னர் சட்டச் சிக்கலில் மாட்டக்கூடும். இதை அவளுக்கு முன்கூட்டியே சொல்வது ஜமாஅத்தின் கடமை. சொல்கிறார்களா என்பது வேறு கேள்வி.

அப்படியானால் நீதிமன்றம் மட்டும் குறையற்றதா? 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், வழக்கறிஞரின் வாதப்போரைத் தவிர்த்து ஆலோசகர் வழியே இணக்கம் காண்பதை நோக்கமாகக் கொண்டது. அந்த இணக்க முயற்சியே அடிபட்டவளுக்கு வாய்தாமேல் வாய்தாவாக மாறிவிடுகிறது. 2005ஆம் ஆண்டின் சட்டம் முதல் விசாரணையைச் சாதாரணமாக மூன்று நாட்களுக்குள் வைக்கச் சொல்கிறது. அதிலிருந்து அறுபது நாட்களுக்குள் முடிக்க முயலவும் சொல்கிறது. நம் மன்றங்களில் அந்த நாட்கணக்கு ஏட்டளவில் நிற்பதை வழக்காடியவர் அறிவர். அதன் 2006ஆம் ஆண்டு விதிகளில் ஓர் அருமையான கட்டுப்பாடு உள்ளது: ஆலோசனை அமர்வில் தான் ஏன் அடித்தேன் என்று நியாயம் கற்பிக்கக் கணவனுக்கு அனுமதி இல்லை. நம் பஞ்சாயத்துகளில் பாதி நேரம் அந்த நியாயத்தைக் கேட்பதிலேயே கழிகிறது.

வளைகுடாவில் வேலை பார்க்கும் கணவனின் வருமானத்தை மனைவி எப்படி நிரூபிப்பாள் என்பது இவ்வட்டாரத்தின் தனிச்சிக்கல். இருவரும் வருவாய், சொத்து விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும், ஜீவனாம்சம் மனுச் செய்த நாள் முதல் கணக்கிடப்பட வேண்டும் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் விதித்தது. பொதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் ஜீவனாம்சம் மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணுக்கும் உண்டு என்பது 2024 ஜூலையில் மீண்டும் உறுதியாயிற்று. பெண்ணுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி 1987ஆம் ஆண்டின் சட்டப்படி உரிமை. ஜும்ஆவுக்குப் பின் இவற்றை அறிவிக்க ஐந்து நிமிடம் போதும்.

கடல் கடந்த நம்மவர் கண்ட வழிகளும் ஒரே முடிவுக்கு வரவில்லை. சிங்கப்பூரில் 1958 முதல் அரசின் ஷரீஅத் நீதிமன்றம் இயங்குகிறது; அங்கே தமிழ் முஸ்லிம் தம்பதியரும் அதன் வரம்புக்குள் அடங்குவர். இலங்கையில் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காதி நீதிமன்றங்கள் உள்ளன. காதியாகப் பெண்கள் அமர வழியில்லாமை முதலிய குறைகளை ஆராய 2009இல் ஸலீம் மர்ஸூஃப் தலைமையில் அமைந்த குழு 2018இல்தான் அறிக்கை தந்தது. காழி கிடைத்தாலே குறை தீர்ந்துவிடும் என்று ஏங்குவோர் இலங்கைப் பெண்களின் மனுக்களையும் படித்துப் பார்க்கலாம்.

நம் கையிலேயே உள்ள ஒரு காரியம் நிகாஹ் தஃப்தர். மஹர், வலி, சாட்சிகள் ஆகியன அதில் கவனமாக எழுதப்படுகின்றன. மணப்பெண் கொண்டுவந்த நகையின் எடை, சீர்ப் பொருள்கள் ஆகியவற்றை எழுதாத மஹல்லாக்கள் உள்ளன. பின்னர் அவள் நடுவர் மன்றத்தில் தன் பொருளை மீட்கக் கோரும்போது, இத்தனை பவுன் என்பதற்குக் கல்யாணப் புகைப்படத்தைத் தவிர வேறு சாட்சி இருப்பதில்லை. தஃப்தரில் இன்னும் ஒரு பத்தியைச் சேர்த்து, இரு தரப்பாரிடமும் கையொப்பம் வாங்க எந்தச் சட்டமன்றத்தின் அனுமதியும் தேவையில்லை.