பழைய பானையா? பழம்பொருளா?

லூனாஸ் வட்டாரத்துப் பால்மரத் தோட்டங்களை விட்டு வெளியேறித் தாமான்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் ஒரு வெண்கலப் பானை இருக்கும். ஆண்டு முழுவதும் மூலையில் கிடக்கும் அந்தப் பானை பொங்கலுக்கு மட்டும் வெளியே வரும். "இது எங்கள் பாட்டி ஊரிலிருந்து கப்பலில் கொண்டு வந்தது" என்று வீட்டில் உள்ளவர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

வீடு மாறும் நாளில் பழைய இரும்பு வாங்குபவர் வந்து அதைத் தராசில் வைத்துக் கிலோவுக்கு விலை பேசுவார். இன்னொருவர் வந்து, "இது அபூர்வப் பொருள், ஆயிரக்கணக்கில் போகும்" என்பார். இவர்கள் இருவரில் யார் சொல்வது உண்மை? அதை எப்படிக் கண்டறிவது?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். பழைய பொருள் எல்லாம் பழம்பொருள் ஆகிவிடாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், இத்தகைய பாத்திரங்களும் சிலைகளும் குறைந்தது 100 ஆண்டு கடந்திருந்தால்தான் அவற்றைத் தொல்பொருளாகக் கருதுகிறது. நம்மவர்கள் பலர் பினாங்கில் வந்திறங்கிய ரஜூலா கப்பல் கட்டப்பட்டதே 1926ஆம் ஆண்டில்தான். அதில் வந்த பானை பயணத்துக்காகப் புதிதாக வாங்கியதாகவும் இருக்கலாம். அதற்கு முன்பே இரண்டு தலைமுறை கண்டதாகவும் இருக்கலாம். கப்பலில் வந்தது என்ற ஒன்றை மட்டும் வைத்து வயதைச் சொல்லிவிட முடியாது.

ஓசையும் நிறமும்

செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. இந்நாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்த அதே வெள்ளீயம்தான் வெண்கலத்துக்கும் ஓசை தருகிறது. வெள்ளீயம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இருந்தால், தட்டியவுடன் மணியைப் போல ஒலி நீண்டு கேட்கும். ஆனால் ஓசை சொல்வது உலோகத்தை மட்டுமே. நேற்று வார்த்த வெண்கலமும் அப்படித்தான் ஒலிக்கும்.

சிலர் பச்சைக் களிம்பைக் கண்டவுடன் பழம்பொருள் என்று முடிவு செய்து விடுகிறார்கள். போலி செய்பவர்களுக்கும் இது தெரியும். அமிலம் தடவியும் ஈர மண்ணில் புதைத்தும் பச்சை நிறத்தை வரவழைத்து விடுவார்கள். நெடுங்காலம் மண்ணில் கிடந்த வெண்கலத்தில் பெரும்பாலும் பச்சைப் படலத்துக்கு அடியில் ஒரு சிவந்த படலம் உலோகத்தோடு ஒட்டி வளர்ந்திருக்கும். அவசரத்தில் ஏற்றிய பச்சை மேலோட்டமாகவே நிற்கும். சுரண்டினால் புது உலோகம் பளிச்சென்று தெரியும்.

ஆய்வுக்கூடத்திலும் எல்லாவற்றுக்கும் விடை கிடைப்பதில்லை. கரிமக் கணிப்பு உலோகத்தின் வயதைச் சொல்லாது. ஒரு காலத்தில் உயிரோடு இருந்த மரம், கரி, எலும்பு போன்றவற்றுக்கே அது பயன்படும். ஊடுகதிர் ஆய்வு என்னென்ன உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லும். வார்ப்பின் உள்ளே சுட்ட களிமண் தங்கியிருந்தால், அந்த மண்ணைக் கொண்டு வார்த்த காலத்தை ஓரளவு கணிக்கலாம். பானையில் அப்படிப்பட்ட மண் தங்குவது அரிது.

தஞ்சையில் நடந்த ஆள்மாறாட்டம்

கண் எவ்வளவு எளிதாக ஏமாறும் என்பதற்குத் தஞ்சை மாவட்டத்துச் சிவபுரம் ஓர் எடுத்துக்காட்டு. 1951ஆம் ஆண்டு அங்கே நிலத்தடியிலிருந்து சோழர் காலத்து நடராசர் திருமேனி கிடைத்தது. 1954இல் அதைப் பழுது பார்க்கக் கொடுத்தார்கள். கோயிலுக்குத் திரும்பி வந்ததோ அதைப் பார்த்து வார்த்த புதுச் சிலை! அந்தச் சிலையைத்தான் பக்தர்கள் ஆண்டுக்கணக்கில் வணங்கி வந்தார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட், 1965இல் வெளிவந்த தமது நூலில் கோயிலில் இருப்பது நகல் என்று எழுதிய பிறகே உண்மை வெளியே வந்தது. மூலச் சிலையை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கச் செல்வர் நார்ட்டன் சைமன் 9 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியிருந்தார். வழக்குக்கும் பேச்சு வார்த்தைக்கும் பிறகு 1986இல்தான் அது இந்தியாவுக்கு மீண்டது.

கிழங்கு வெந்த மணி

போலியை அசல் என்று நம்புவது ஒரு வகை ஏமாற்றம். அசலை அசல் என்று அறியாமல் அடுப்பில் வைப்பது இன்னொரு வகை. அதற்கும் நம் வரலாற்றில் சான்று உண்டு. அது நடந்தது நியூசிலாந்தில்.

1836ஆம் ஆண்டுவாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற கிறிஸ்துவ மதபோதகர், வாங்கரே பகுதியில் ஒரு மாவோரி கிராமத்துக்குச் சென்றார். அங்கே பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் கிழங்கு வேகவைத்துக் கொண்டிருந்தார்கள். புயலில் சாய்ந்த ஒரு மரத்தின் வேரடியில் அது கிடைத்ததாகச் சொன்னார்கள். கொலென்சோ ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை மாற்றிக் கொண்டார் என்பது சொல்லப்படும் வரலாறு.

உற்றுப் பார்த்தால் அது பானை அல்ல. விளிம்பு உடைந்த ஒரு மணியின் மேல்பகுதி. அதைச் சுற்றிப் புடைப்பாக எழுத்துகள் இருந்தன. பின்னர் தமிழ் அறிந்தவர்கள் படித்துப் பார்த்தபோது, முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பல் மணி என்ற பொருள் கிடைத்தது. கொலென்சோவின் உயில் வழியாக அருங்காட்சியகத்துக்குச் சென்ற அந்த 'தமிழ் மணி', இன்று வெல்லிங்டன் நகரில் தே பாப்பா அருங்காட்சியகத்தின் உடைமை.

இந்த மணியை அடையாளம் காட்டியது அதன் நிறமோ ஓசையோ அல்ல. அதில் இருந்த தமிழ் எழுத்தும், உரிமையாளர் பெயரும், கிடைத்த இடத்தைப் பற்றிய குறிப்பும்தான். எழுத்து வடிவத்தை வைத்து 500 ஆண்டுப் பழமை என்பாரும் உண்டு. அதற்கும் பிந்தியது என்பாரும் உண்டு. "ஐரோப்பியருக்கு முன்பே தமிழன் நியூசிலாந்தில் இறங்கினான்" என்று இதைக் காட்டி மேடையில் முழங்குவோரும் இருக்கிறார்கள். மணி சொல்வது அவ்வளவு அல்ல. தமிழ் முஸ்லிம் ஒருவர் கப்பல் வைத்திருந்தார், மணியில் தம் பெயரைத் தமிழில் பொறித்தார் என்பதை மட்டுமே அது உறுதியாகச் சொல்கிறது. மற்றவை ஊகம். சான்று நிற்கும் இடத்தில் நம் பெருமையும் நிற்க வேண்டும்.

பெயர் வெட்டிய பாத்திரம்

முகைதீன் பக்ஸ் செய்ததைத்தான் நம் பாட்டிமார்களும் செய்தார்கள். சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயரும் ஊரும் வெட்டி வைத்தார்கள். அந்த எழுத்தும் ஒரு சாட்சி. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் வரும் வரை ணை, லை, ளை, னை ஆகியவை கொம்பு வளைந்த பழைய வடிவில் எழுதப்பட்டன. அந்த வடிவம் பாத்திரத்தில் இருந்தால், அது பழைய எழுத்தில் பழகிய கை வெட்டியது என்று தெரிகிறது. எழுத்து பின்னாளில் வெட்டப்பட்டிருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. அடியில் ஒட்டுப் போட்ட தழும்பு, கரண்டி உரசித் தேய்ந்த உட்புறம், கைபட்டு மழுங்கிய விளிம்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம்.

ஆகவே, சந்தேகம் தீரும் வரை பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். பெயர் வெட்டிய இடத்தைப் படம் எடுத்து வையுங்கள். நிலத்தைத் தோண்டும்போது கிடைத்த பொருள் என்றால் நிலைமையே வேறு. லூனாஸிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. சோழர் கல்வெட்டு கடாரம் என்று குறிப்பிட்ட மண் இந்தக் கெடா. இங்கே மண்ணுக்கு அடியில் கிடைப்பதை எடுத்த இடத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அது வரலாறு ஆகும். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, அத்தகைய பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட அதிகாரிக்கோ மரபுடைமைத் துறைக்கோ தெரிவிக்க வேண்டும்.

பாட்டியின் பானை 70 வயதுதான் என்று தெரிய வந்தாலும் வருந்த வேண்டாம். சந்தை மதிப்பு குறையலாம். தோட்டத்து லயன் வீட்டில் ஒரு குடும்பத்துக்கே சோறாக்கிய மதிப்பு குறையாது. எந்த ஊரில் வாங்கியது, எந்தக் கப்பலில் வந்தது, எந்தத் தோட்டத்தில் இருந்தது, அதில் வெட்டியிருக்கும் பெயர் யாருடையது என்பதைச் சொல்லக் கூடியவர் வீட்டில் இன்னும் ஒருவர் இருக்கலாம். இரும்புக்காரர் தராசோடு வருவதற்கு முன்பே அவரிடம் கேட்டு எழுதி வைத்து விடுங்கள்.