நீதிமன்றத்தில் சாவித்திரி: கே. சுப்பிரமணியத்தின் படங்களில் வீடும் சட்டமும்

தமிழ்த் திரைப்பட வரலாற்றில் இயக்குநர் கே. சுப்பிரமணியம் (1904–1971) பெரும்பாலும் ஒரு தடையாணையின் வழியாகவே நினைவுகூரப்படுகிறார். அவர் இயக்கிய ‘தியாகபூமி’ 1939இல் வெளிவந்தது. சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியபின், 1940இல் பிரித்தானிய அரசு அப்படத்தைத் தடைசெய்தது. இச்செய்தி திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதன் விளைவாகத் ‘தியாகபூமி’ தேசியப் பிரசாரப் படம் என்ற ஒற்றை அடையாளத்துக்குள் அடங்கிப்போயிற்று. படத்தின் மையத்தில் இருப்பதோ ஒரு குடும்ப வழக்கு. கணவனோடு வாழ மறுக்கும் பெண்ணைச் சட்டம் என்ன செய்ய இயலும் என்பதே அங்கு எழும் கேள்வி. இக்கட்டுரை அவ்வழக்கிலிருந்து சுப்பிரமணியத்தை வாசிக்க முற்படுகிறது.

பாபநாசத்தில் பிறந்த சுப்பிரமணியம் சட்டம் பயின்றவர். வழக்கறிஞராகத் தொழில் தொடங்கியவர். மௌனப்படக் காலத்தில் ராஜா சாண்டோவுடன் பணியாற்றித் திரைத்துறையைக் கற்றார். எம். கே. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் நடித்த ‘பவளக்கொடி’ (1934) அவர் இயக்கிய முதற்படம். புராணக் கதையில் தொடங்கிய அவர் மூன்றே ஆண்டுகளில் சமகாலச் சமூகக் கதைக்கு வந்து சேர்ந்தார். அதன்பின் வெளிவந்த ‘பாலயோகினி’ (1937), ‘சேவாசதனம்’ (1938), ‘தியாகபூமி’ ஆகிய மூன்றையும் ஒருசேர நோக்கினால் ஒரு பொதுத்தன்மை புலப்படும். மூன்றிலும் ஒரு பெண் வீட்டின் வாயிலைத் தாண்டி வெளியேறுகிறாள், அல்லது வெளியேற்றப்படுகிறாள். அவள் எங்கே போவாள் என்பதற்கு ஒவ்வொரு படமும் வெவ்வேறு விடை தேடுகிறது.

‘பாலயோகினி’யில் அந்த இடம் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த பணியாளரின் குடிசை. இப்படத்தில் பிராமண விதவை ஒருவரையே விதவை வேடத்தில் நடிக்கவைத்தமைக்காகச் சாதியார் சுப்பிரமணியத்தை விலக்கிவைத்தனர் என்பது திரைப்பட வரலாற்று நூல்களில் இடம்பெறும் செய்தி. பிரேம்சந்தின் நாவலைத் தழுவிய ‘சேவாசதனம்’, எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த முதற்படம். அதில் முதிய கணவனால் துரத்தப்படும் சுமதிக்கு இறுதியில் ஒரு சேவை நிறுவனம் புகலிடமாகிறது. இவ்விரு விடைகளும் கருணையை நம்பியவை. யாரேனும் ஒருவர் கதவைத் திறந்தால்தான் அப்பெண்ணுக்கு இடமுண்டு.

‘தியாகபூமி’ இவ்விடத்தில் வேறுபடுகிறது. கல்கியின் இக்கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது படத்தின் காட்சிகளே சித்திரங்களுக்குப் பதிலாக அச்சிடப்பட்டன. சம்பு சாஸ்திரியின் மகள் சாவித்திரி, கணவன் ஸ்ரீதரனின் கொடுமைக்கு ஆளாகி வீடு நீங்குகிறாள். பின்னர்ச் செல்வம் வந்துசேர, உமாராணி என்னும் பெயரில் திரும்புகிறாள். அப்போது ஸ்ரீதரன் தாம்பத்திய உரிமை மீட்பு கோரி வழக்குத் தொடுக்கிறான். சாவித்திரி நீதிமன்றத்தில் நின்று அவனோடு வாழ மறுக்கிறாள். வேண்டுமானால் அவனுக்குத் தானே ஜீவனாம்சம் தருவதாகவும் கூறுகிறாள். இது வெறும் சொற்சாதுரியம் அன்று. ஜீவனாம்சம் கேட்டு நிற்பவள் மனைவி என்ற வழக்கத்தை அவ்வசனம் தலைகீழாக்குகிறது.

வழக்கின் வகை இங்குக் கவனத்துக்குரியது. தாம்பத்திய உரிமை மீட்பு இந்து தர்ம சாத்திரத்திலிருந்து வந்ததன்று; ஆங்கிலேயத் திருச்சபைச் சட்டத்திலிருந்து காலனிய நீதிமன்றங்கள் வழியாக இங்கு நுழைந்தது. பம்பாயில் ருக்மாபாய் மீது 1884இல் தொடுக்கப்பட்ட வழக்கு இதன் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. கணவனிடம் செல்வதைவிடச் சிறை செல்வதே மேல் என்று அவர் நின்றார். 1888இல் இரண்டாயிரம் ரூபாய் கணவனுக்குக் கொடுக்கப்பட்ட பின்னரே பிணக்குத் தீர்ந்தது. சாவித்திரியின் சொல்லுக்கு இது நேர் மூலம் என்று கொள்ளச் சான்றில்லை. எனினும், கணவனுக்குப் பணம் கொடுத்து விடுபடும் மனைவி சட்ட வரலாற்றுக்குப் புதியவள் அல்லள்.

1923ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இவ்வகைத் தீர்ப்பை மீறியதற்காக மனைவியைச் சிறையிலிடும் வழி உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இல்லாமற்போயிற்று. எஞ்சியது சொத்துப் பறிமுதல் மட்டுமே. ஆகவே 1939இன் சாவித்திரி துணிந்து மறுப்பதற்குத் துணைநின்ற செல்வமே சட்டத்தின் பிடிக்கும் உரிய பொருளாக இருந்தது. சட்டம் பயின்ற இயக்குநர் இம்முரணை அறியாதிருந்திருப்பார் என்று கருத இயலவில்லை.

ஆயினும் படம் இம்முரணைப் பின்தொடரவில்லை. சாவித்திரி விடுதலைப் போராட்டத்தில் இணைந்து கைதாகிறாள். மணவாழ்வை மறுத்ததற்காக அவளை அனுப்ப இயலாத சிறைக்கு நாட்டின் பெயரால் அவள் செல்கிறாள். கணவனிடம் திரும்பாத பெண்ணைப் பார்வையாளர் ஏற்றுக்கொள்வதற்கு அவள் தேசத்தொண்டராக மாறவேண்டியிருந்தது என்பதே இக்கட்டுரையாளரின் கணிப்பு. இதைச் சமரசம் என்று தள்ளிவிடுவதும் சரியன்று. மனம் மாறிய கணவனோடு சேர்த்துவைத்து முடிக்கும் எளிய வழி இயக்குநருக்கு எதிரிலேயே இருந்தது. நீதிமன்றக் காட்சியில் அவர் அதனைத் தேர்ந்தெடுக்கவில்லை.

பின்னாளைய படங்களில் இக்கேள்வியை அவர் இவ்வளவு நேராக எழுப்பவில்லை. தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபை போன்ற அமைப்புகளை உருவாக்குவதில் அவர் உழைப்பு பெரிதும் சென்றது. மணமுறிவு பெறும் உரிமையைச் சென்னை மாகாண இந்துப் பெண்களுக்கு ஒரு சட்டம் அளித்தது 1949இல், படம் வெளிவந்து பத்தாண்டுகளுக்குப் பின். ஸ்ரீதரன் கையாண்ட உரிமை மீட்பு வழக்கோ 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவாகத் தொடர்ந்தது.