பெட்டியும் சுருதியும்: கொழும்புத் தமிழில்லங்களில் இசைக்கருவித் தேர்வு – ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழிசை பற்றி இதுவரை எழுதப்பட்டவை பெரும்பாலும் பாடகரையும் வித்துவான்களையும் நாடகங்களையும் பற்றியனவாகவே அமைந்துள்ளன. இல்லத்தில் இருந்து பாடியவர், இசையமைக்க முயன்றவர், எந்தக் கருவியை ஏன் தேர்ந்துகொண்டார் என்ற வினா அதிகம் எழுப்பப்படவில்லை. இன்று வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டின் சிறு அறையில் கணினி முன் அமர்ந்து, பலநூறு மென்பொருட் கருவிகளுள் எதனை எடுப்பது, எதனை விடுப்பது என்று திகைக்கும் இளைஞருக்கு, இத்திகைப்புத் தம் தலைமுறைக்கே உரியது என்று தோன்றலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. ஆர்மோனியப் பெட்டி கொழும்புக்கு வந்த காலந்தொட்டு இதே வினா வெவ்வேறு வடிவங்களில் நம்மவர் முன் நின்றுள்ளது. வேறோர் ஊரில், வேறோர் இசைக்கென அளந்து செய்யப்பட்ட பெட்டி நம் கைக்கு எளிதில் வந்து சேர்கிறது. அதன் சுருதியோ நம் சுருதியாக இருப்பதில்லை. இவ்விடைவெளியை ஒவ்வொரு தலைமுறையும் எவ்வாறு எதிர்கொண்டது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

ஆர்மோனியத்திலிருந்து தொடங்குவோம். அலெக்சாந்தர் தெபேன் என்பார் 1842 இல் பாரிசில் உரிமம் பெற்ற இக்கருவி, காலால் மிதித்து நாற்காலியில் அமர்ந்து வாசிப்பதற்கென ஆக்கப்பட்டது. 1875 அளவில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதனைக் கையால் துருத்தி இயக்கும் சிறு பெட்டியாக்கித் தரையில் அமரச் செய்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து கொழும்புக்கு வந்து நடித்த பார்சி நாடகக் குழுவினரின் செல்வாக்கினால் சிங்கள நூர்த்தி நாடகம் உருவாயிற்று. ஆர்மோனியமும் தபேலாவும் அதன் உடன்பிறப்புகளாயின. 1911 இல் மருதானையில் திறக்கப்பட்ட டவர் மண்டபம் அந்நாடகங்களின் தலையாய அரங்காக விளங்கியது. அங்கிருந்து கொட்டாஞ்சேனை நடைதூரமே. தமிழ் இசைநாடகத்துக்கும் இப்பெட்டி தவிர்க்க முடியாத துணையாயிற்று, நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தைக் கண்டவர் எவரும் ஆர்மோனியத்தின் குரலை அதனின்று பிரித்து நினைப்பதற்கில்லை. தேவாலயங்களிலோ இதன் மூத்த உறவினரான காலால் மிதிக்கும் பெட்டி ஏலவே இடம்பெற்றிருந்தது.

இல்லங்கள் இதனை விரும்பியதற்குக் காரணம் வெளிப்படை. வீணையையோ தம்புராவையோ போல நாள்தோறும் சுருதி கூட்ட வேண்டியதில்லை. கடற்கரையை அடுத்த ஊரின் ஈரக்காற்றில் நரம்பு தளர்கின்ற தொல்லையும் இல்லை. ஒரு கை துருத்தியிலும் மறு கை கட்டைகளிலும் இருக்க, வாசிப்பவரே பாடவும் இயலும். தேவார வகுப்புக்கும் பசனைக்கும் இதனினும் வசதியானது வேறொன்று அகப்படவில்லை. ஆயின் இக்கருவி தான் பெற்ற பன்னிரண்டு சுரத்தானங்களுக்கு இடையில் எதனையும் அறியாது. கட்டைக்கும் கட்டைக்கும் இடையில் வழுக்கிச் செல்லும் கமகம் அதனிடம் இல்லை. இக்குறை காரணமாகவே அகில இந்திய வானொலி 1940 மார்ச் 1 முதல் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. 1971 வரையில் அத்தடை தளரவில்லை. இதற்கு முன்னரே, 1911 அளவில், தேவல், கிளமெண்ட்ஸ் ஆகிய இருவர் இருபத்திரண்டு சுருதிகளைத் தரும் தனி ஆர்மோனியம் ஒன்றைச் செய்வித்துப் பார்த்தனர், அது பரவவில்லை. குறையைத் தடையாலும் தீர்க்க இயலவில்லை, கூடுதல் கட்டைகளாலும் தீர்க்க இயலவில்லை என்பதே இவ்விரு முயற்சிகளிலிருந்து நாம் அறிவது. இல்லத்தினர் வேறொன்று செய்தனர். பெட்டியை ஆதார சுருதிக்கும் அடியெடுத்துக் கொடுப்பதற்கும் வைத்துக்கொண்டு, கமகத்தைக் குரலிடம் விட்டனர். வானொலி அதிகாரிகளின் தடையைக் காட்டிலும் இவ்வழி நுட்பமானது என்றே நமக்குத் தோன்றுகின்றது.

இவ்விடத்திற் சுவாமி விபுலாநந்தரை நினையாமல் அப்பாற் செல்லுதல் இயலாது. 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்பிற் பொறுப்பேற்ற அடிகளார், கணிதமும் விஞ்ஞானமும் கற்றவர். வழக்கொழிந்துபோன யாழைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் துணைக்கொண்டு மீட்டுக் காண அவர் மேற்கொண்ட நெடிய முயற்சியின் விளைவே யாழ் நூல். 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை வெளியிட்டது. அடுத்த மாதம், யூலை 19 அன்று, அடிகளார் கொழும்பிற் காலமானார்.

யாழ் நூலில் நம் பொருளுக்கு வேண்டியது ஒன்றே. கண்ணால் காண்பதற்கு யாழ் ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை. பாடற் சொற்களும் உரைக் குறிப்புகளுமே எஞ்சியிருந்தன. அவற்றிலிருந்து நரம்புகளின் அலைவு விகிதங்களைக் கணக்கிட்டு, கணக்கிலிருந்து வடிவத்தை எட்டினார் ஆசிரியர். கருவி முதலில் எண்ணாகத் தாளில் நின்றது; அதன் பின்னரே மரமும் நரம்பும் ஆயிற்று. இன்றைய மென்பொருட் கருவி முதலும் முடிவும் எண்ணே ஆகும். ஒப்புமையை மிகைப்படுத்தலாகாது: ஒன்று பழமையை மீட்கும் ஆராய்ச்சி, மற்றது விற்பனைப் பண்டம். எனினும் கருவியின் உயிர் அதன் மரத்தில் இல்லை, விகிதத்தில் உள்ளது என்ற உண்மையைக் கொழும்பில் வாழ்ந்த தமிழறிஞர் ஒருவர் கணினிக்கு முந்திய காலத்திலேயே செயலிற் காட்டினார் என்பது நம் மாணவர் மனங்கொள்ளத்தக்கது.

விகிதம் என்பது யாது? குரலுக்கு இளி மூன்றுக்கு இரண்டு என்ற உறவில் நிற்கும். இயற்கையான அந்தர காந்தாரம் சட்சத்துக்கு ஐந்துக்கு நான்கு என்ற உறவில் நிற்கும். ஒரு தாயியை 1200 செண்டுகளாகப் பகுத்தளக்கும் இக்கால முறையில் இக்காந்தாரம் ஏறத்தாழ 386 செண்டு. மேலைநாட்டுச் சமப்பகுப்புப் பியானோவில் அதே இடத்து ஒலி 400 செண்டு. பதினான்கு செண்டு வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். தம்புராவை மீட்டிக்கொண்டு கேட்கும் செவிக்கு அது உறுத்தும். எந்த மென்பொருட் கருவியை நிறுவினாலும், வேறு கட்டளை இடாதவரை, அது இந்த 400 ஐயே ஒலிக்கும்.

இடைப்பட்ட காலத்தை விரைந்து கடக்கலாம். 1925 டிசம்பரிற் கொழும்பு வானொலி தொடங்கியது. 1949 இல் அது இலங்கை வானொலி ஆயிற்று. அங்கு வளர்ந்த தமிழ் மெல்லிசையில், நாகர்கோவிலிற் பிறந்து கொழும்பில் வாழ்ந்த ஆர். முத்துசாமி போன்றோர் வயலினையும் கித்தாரையும் தபேலாவையும் ஒரே மேடையில் இணைத்தனர். 1970 களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பொப் இசை கித்தாரையும் பைலாத் தாளத்தையும் வீடுதோறும் கொண்டு சென்றது. கித்தாரும் பன்னிரு தானக் கருவியே. ஆயினும் நரம்பை விரலால் இழுக்கலாம் என்பதால் ஆர்மோனியத்தைவிட ஓரளவு நெகிழ்வுடையது. 1977 இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நீங்கவே, கசற் பதிவுக் கருவிகளும் மின்விசைப் பலகைகளும் காலி வீதிக் கடைகளை நிரப்பின. பெங்களூரில் 1979 இல் ஜி. ராஜ் நாராயண் ஆக்கிய மின்தம்புரா பின்னர் இங்கும் பரவிற்று. நம் சுருதியை முதன்மையாகக் கருதிச் செய்யப்பட்ட மின்கருவி என்ற வகையில் அது பெருமைக்குரியது.

1983 ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருவகையில் நிற்கின்றது. வெவ்வேறு நிறுவனங்களின் மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான மிடி என்னும் பொதுமொழி அவ்வாண்டில்தான் வெளியாயிற்று. அதே ஆண்டு யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அவ்வீடுகளில் இருந்த வீணைகளுக்கும் ஆர்மோனியங்களுக்கும், குடும்பத்தார் பாடிப் பதிந்த நாடாக்களுக்கும் பட்டியல் இல்லை. அதன்பின் பெயர்ந்தவர் பலர். வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளில் மாதக்கணக்கில் தங்கியோரும் பலர். 2007 யூன் 7 அன்று அத்தகைய விடுதிகளிலிருந்து தமிழர் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. எப்போது எழுந்து போகவேண்டி வருமோ என்றிருப்பவர் வீணை வாங்குவாரா? மடியிற் கொள்ளும் கணினிக்குள் கருவிகள் அனைத்தையும் வைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கு வேரூன்றியமைக்கு நாகரிக மோகம் ஒன்றையே காரணங் கூறுதல் பொருந்தாது.

ஸ்ரைன்பேர்க் நிறுவனம் 1996 இல் வீ.எஸ்.டி. என்னும் இணைப்பு முறையை வெளியிட்டது. 1999 இல் அது கருவிகளையும் ஏற்குமாறு விரிந்தது. அன்றுமுதல் பிளக்-இன் எனப்படும் செருகுநிரல் ஒவ்வொன்றும் ஒரு வாத்தியமாகலாயிற்று. இவை பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று, உண்மைக் கருவியின் ஒலியைத் துண்டு துண்டாகப் பதிந்து, கட்டையை அழுத்தும்போது எடுத்துக் கொடுப்பது. மற்றது, ஒலியைக் கணக்கினாலேயே பிறப்பிப்பது. முதலாவது வகை முதற் கேள்வியில் மயக்கும். நாதசுவரம் என்று எழுதிய துண்டுத் தொகுதியைத் திறந்து ஒரு சுரத்தை அழுத்தினால் கோயில் வீதி கண்முன் வரும். இரண்டு சுரங்களை இணைத்தால் கோயில் மறையும். தனித்தனியே பதிந்த சுரங்களுக்கு இடையில் சீவாளியும் மூச்சும் செய்யும் வேலை அங்கில்லை. தவிலும் அவ்வாறே. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975) போன்றோரின் வாசிப்பில் ஒரு சொல்லின் கனம் அதற்கு முன் வந்த சொல்லைப் பொறுத்தது. துண்டுத் தொகுதியில் ஒவ்வோர் அடியும் தனியன்.

கமகத்துக்கு மிடி மொழியில் ஒரு வழி உண்டு. சுரத்தை மேலுங் கீழும் வளைக்கும் சக்கரத்துக்கு 16,384 படிகள் உள்ளன. ஆயினும் வழமையான எல்லை இருபுறமும் இரண்டு அரைச்சுரங்களே. அதனை விரிக்க இடந்தராத கருவியில் சங்கராபரணமும் கலியாணியும் விறைத்த உடலோடு நிற்கும். மேலும் பழைய முறையில் வளைவு ஒலிக்கின்ற சுரங்கள் அனைத்தையும் ஒருங்கே வளைக்கும். ஒவ்வொரு விரலுக்கும் தனி வளைவு தரும் விரிவு 2018 இல்தான் பொது நியமமாயிற்று. ஆதலின் ஒரு செருகுநிரலைத் தேர்வோர் அதன் அழகிய முகப்பையும் ஒலிகளின் எண்ணிக்கையையும் பார்க்குமுன் மூன்றினைச் சோதித்தல் வேண்டும் என்பது நம் துணிபு: வளைவின் எல்லையை மாற்றலாமா, விரலுக்கொரு வளைவு உண்டா, சுரத்தானங்களின் விகிதத்தையே மாற்றும் சுருதிக் கோப்பை அது ஏற்குமா. 2018 இல் திறந்த மூலமாக்கப்பட்ட, விலையின்றிக் கிடைக்கும் சேர்ஜ் இம்மூன்றையும் ஏற்கும். பெரும்பொருள் கொடுத்து வாங்கும் தொகுதிகள் சில மூன்றாவதை ஏற்பதில்லை.

விலை இங்கு வெறும் பக்கச் செய்தியன்று. 2022 இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபா. டொலரில் விலை குறித்த பண்டம் சில கிழமைகளில் ஏறத்தாழ இருமடங்காயிற்று. அதே மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. மாதக் கட்டணத்தில் இயங்கும் கருவிகளை நம்பியிருப்போருக்குக் கட்டணம் தவறிய மாதம் வாத்தியமும் ஊமையாகும். ஆர்மோனியத்துக்கு அத்தகைய நோய் வந்ததில்லை.

இதனினும் பாரதூரமான மற்றொன்று உளது. இத்தொகுதிகளை ஆக்குவோர் ஐரோப்பியராகவும் அமெரிக்கராகவும், சிறுபான்மை இந்தியராகவும் உள்ளனர். அவர்கள் பதிந்தவற்றில் தபேலா தவறாது இருக்கும். மிருதங்கம் பெரும்பாலும் இருக்கும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் இராவணேசன் (1964) முதலிய நாடகங்கள் வாயிலாகக் கற்றோர் அரங்குக்குக் கொணர்ந்த மட்டக்களப்புக் கூத்தின் மத்தளம் அவற்றில் எங்குளது? மலையகத்துத் தப்பு எங்குளது? பட்டியலில் இல்லாத ஒலி, அப்பட்டியலை மட்டுமே கொண்டு இசையமைக்கும் தலைமுறையின் பாட்டிலும் இராது. தடை எதுவும் இன்றியே ஒரு வாத்தியம் இவ்வாறு விலக்கப்படலாம். மாற்று வழி கடினமன்று. நல்ல ஒலிவாங்கி ஒன்றும், ஆட்டக்காரரோடு ஒருநாட் பொழுதும் இருப்பின், அவ்வொலிகளை நாமே பதிந்து தொகுதியாக்கலாம். கூத்தைத் தாளக்கட்டு மாறாது எழுத்திற் பதிந்த பல்கலைக்கழகச் சமூகத்துக்கு இது புதிய பணியும் அன்று. அத்துண்டுகளைத் தனித்தனி அடியாக அன்றித் தருக்களின் முழுத் தாளக்கட்டாகவும் பதிதல் வேண்டும். காரணம் தவில் பற்றி மேலே கூறியதே.

பாதுகாப்பும் கருதற்குரியது. 2019 இல் ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளில் 32 பிட் நிரல்களை நிறுத்தியபோது, அவற்றை நம்பி ஆக்கிய பழைய பாட்டுக் கோப்புகள் பல திறந்தும் ஒலிக்காதனவாயின. கோப்பு என்பது பாட்டன்று. எந்தக் கருவியை எப்போது ஒலிப்பது என்ற குறிப்பு மட்டுமே. ஒவ்வொரு கருவியின் பகுதியையும் தனி ஒலிக்கோப்பாக மாற்றி, வீட்டுக்கு வெளியே ஓரிடத்திலும் வைத்தல் 1983 ஐக் கண்ட நகரத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. கூடவே, பயன்படுத்திய சுருதிக் கோப்பையும் வைக்கலாம். அது வெறும் எழுத்துக் கோப்பு: தலைப்பு ஒரு வரி, சுரங்களின் தொகை ஒரு வரி, பின்னர் வரிக்கொரு விகிதம். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரத்தில் (1917) தாயியை இருபத்து நான்கு சமபாகமாக்கினார். விபுலாநந்தர் இருபத்திரண்டு அலகு கொண்டார். இரண்டையும் இருபத்தாறு வரிக்கு மிகாத இரு கோப்புகளாக எழுதி, ஒரே பண்ணை ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கச் செய்து, தேவாரம் பாடிப் பழகிய முதியவர் ஒருவரை அருகிருத்திக் கேட்டுப் பார்க்கும் வாய்ப்பு, அவ்விருவருக்கும் கிட்டாதது, இன்று வெள்ளவத்தையில் ஒரு சிறு அறையில் இருக்கின்றது.