ஆவணமாக்கலின் பெங்களூர் மரபு: சீர்காழி ரங்கநாதன் முதல் இயந்திர வாசகர் வரை

பெங்களூரில் ஒக்கலிபுரத்திற்கு வடக்கே, ஸ்ரீராமபுரத்தைக் கடந்து சென்றால் மல்லேஸ்வரம். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஆவணமாக்க ஆய்வு மற்றும் பயிற்சி மையம் தன் தொடக்க ஆண்டுகளில் இயங்கியது அப்பகுதியில்தான். 1962 ஜனவரியில் அம்மையத்தைத் தொடங்கியவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். இன்று அது மைசூர் சாலையிலுள்ள புள்ளியியல் நிறுவன வளாகத்தில் செயல்பட்டு வருகிறது.

அதே நகரில் இன்று மென்பொருள் எழுதுவோர் ஒரு கேள்வியை எதிர்கொள்கின்றனர். பயனர் தம் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் மென்பொருளின் கையேட்டைச் செயற்கை நுண்ணறிவு தவறாகப் பொருள் கொள்ளாதவாறு எழுதுவது எப்படி? கேள்வி புதிது. அதற்கான விடையின் கணிசமான பகுதி நூலகவியலில் முன்பே ஆராயப்பட்டது. அவ்வாராய்ச்சியில் பெங்களூருக்கும் ஒரு பங்கு உண்டு.

சொந்த சர்வரில் நிறுவும் மென்பொருளின் இயல்பை முதலில் நோக்க வேண்டும். பெங்களூரைச் சேர்ந்த ஜெரோதா நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் கைலாஷ் நாத் உருவாக்கிய லிஸ்ட்மங்க் இதற்கு நல்ல சான்று. செய்திமடல்களை அனுப்பப் பயன்படும் இத்திறமூல மென்பொருள் ஒரே ஓர் இயங்கு கோப்பாகக் கிடைக்கிறது. தரவுகளைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சேமிக்கிறது. யாரும் இலவசமாகத் தம் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். புதிய பதிப்புக்கு மாறும் முன் தரவுத்தளத்தின் காப்புப்பிரதியை எடுத்துவைக்குமாறு அதன் கையேடு அறிவுறுத்துகிறது. இத்தகைய மென்பொருளில் அந்த ஒற்றை வரியின் மதிப்பு மிகப் பெரிது. கட்டணச் சேவையில் தவறு நேர்ந்தால் அழைத்துக் கேட்க ஒரு நிறுவனம் இருக்கும். சொந்த சர்வரில் தவறு நேர்ந்தால் அதற்குப் பொறுப்பாளர் அதை நிறுவியவரே. ஒரு சிற்றிதழின் சந்தாதாரர் பட்டியலோ, ஓர் அறக்கட்டளையின் கொடையாளர் பட்டியலோ ஒரே கட்டளையில் அழிந்துபோகக்கூடும்.

முன்பெல்லாம் நிறுவுபவர் கையேட்டை முதலிலிருந்து படித்து வருவார். எச்சரிக்கை வரியும் அவர் கண்ணில் படும். இன்று பலர் கையேட்டைத் திறப்பதில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்கின்றனர். அக்கருவிகளுள் பல, கையேட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி வைத்துக்கொண்டு, கேள்விக்கு நெருக்கமாகத் தோன்றும் துண்டுகளை மட்டும் எடுத்து விடையை உருவாக்குகின்றன. எச்சரிக்கை ஒரு துண்டிலும் கட்டளை இன்னொரு துண்டிலும் அகப்பட்டால், கட்டளை மட்டும் பயனரை வந்தடையும். எந்தப் பதிப்புக்கு உரியது, எவ்வகை நிறுவலுக்கு உரியது என்ற குறிப்பு பக்கத்தின் தலைப்பிலேயே தங்கிவிடும். சூழலிலிருந்து பிரிக்கப்பட்ட தகவல் பொருளிழந்து போகும் இச்சிக்கலை நூலகவியலாளர்கள் நன்கு அறிவர்.

ரங்கநாதன் கணித ஆசிரியராக வாழ்வைத் தொடங்கியவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். அதே ஆண்டு லண்டனுக்குப் பயிற்சிக்குச் சென்றபோது, கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில உலோகப் பட்டைகளையும் திருகாணிகளையும் வெவ்வேறு விதமாக இணைத்துப் பல பொம்மைகளை அதில் உருவாக்க முடிந்தது. நூற்பொருள்களையும் இவ்வாறே சிறு கூறுகளை இணைத்துக் குறிக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு அங்கு தோன்றியது. 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளைப் பற்றிய நூலும், 1933இல் கோலன் பகுப்பு முறையும் வெளிவந்தன. வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது அவ்விதிகளுள் நான்காவது.

அதற்கு முந்தைய பகுப்பு முறைகள் பெரும்பாலும் எல்லாப் பொருள்களையும் முன்கூட்டியே பட்டியலிட முயன்றன. பட்டியலில் இல்லாத புதிய பொருள் வந்தால் நூலகர் திகைப்பார். கோலன் முறையோ பொருளைக் கூறுகளாகப் பிரித்தது. இந்தியாவில் 1950களில் நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ் கதிர் வழியாக அளிக்கப்பட்ட சிகிச்சை என்பது நூலகவியல் பாடங்களில் வழங்கும் எடுத்துக்காட்டு. அதில் உறுப்பு, நோய், சிகிச்சை, கருவி, இடம், காலம் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனிக் கூறாகும். ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து அடிப்படை வகைகளுக்குள் எல்லாக் கூறுகளும் அடங்கும் என்று ரங்கநாதன் பின்னர் வகுத்தார்.

இவற்றிலிருந்து சொல்லடைவைத் தயாரிப்பதற்கு அவர் வகுத்த வழி சங்கிலி முறை எனப்பட்டது. நூலகரின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லாமல், பகுப்பெண்ணைப் பின்னிருந்து முன்னாகப் படித்தே அடைவுச் சொற்களைப் பெறும் முறை அது. 1950இல் தொடங்கிய பிரிட்டிஷ் தேசிய நூற்பட்டியல், ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம் இம்முறையைக் கையாண்டது. சென்னையில் உருவான ஒரு முறை லண்டனில் வாராவாரம் பயன்பட்டது தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படாத செய்தி.

ஆயினும் சங்கிலி முறைக்கு ஒரு குறை இருந்தது. சங்கிலியின் கடைசிக் கண்ணியான எக்ஸ் கதிர் என்ற சொல்லின் கீழ் தேடுபவருக்கு முழு விவரமும் கிடைக்கும்: எக்ஸ் கதிர், சிகிச்சை, காசநோய், நுரையீரல், மருத்துவம். நுரையீரல் என்ற சொல்லின் கீழ் தேடுபவருக்கோ நுரையீரல், மருத்துவம் என்ற இரு சொற்களே கிடைக்கும். காசநோயும் சிகிச்சையும் அங்கே மறைந்துவிடும். வாசகர் பட்டியலின் வரிசைக்குச் சென்று பார்த்தால் எஞ்சியவற்றை அறியலாம். அடைவை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது.

இக்குறையைக் களைய இரு முயற்சிகள் நடந்தன. லண்டனில் டெரெக் ஆஸ்டின், கணினி வழியாக அடைவு தயாரிப்பதற்கென்றே பிரெசிஸ் என்னும் முறையை உருவாக்கினார். பிரிட்டிஷ் தேசிய நூற்பட்டியல் 1971இல் அதற்கு மாறியது. பெங்களூர் மையத்தில் ஜி. பட்டாச்சாரியா, ரங்கநாதனின் கோட்பாடுகளின் அடிப்படையில் பாப்சி என்னும் முறையை வளர்த்தெடுத்தார். விவரங்களில் இவை வேறுபட்டாலும் நோக்கம் ஒன்றுதான். வாசகர் எந்தச் சொல்லின் வழியாக நுழைந்தாலும், அந்தச் சொல்லோடு அதன் முழுச் சூழலும் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

இன்றைய கையேட்டுச் சிக்கலுக்கும் இதே நோக்கம் பொருந்துகிறது. பிறகு கீழ்க்காணும் கட்டளையை இயக்குக என்று தொடங்கும் பத்தி, நுரையீரல், மருத்துவம் என்ற அரைகுறை அடைவுப் பதிவை ஒத்தது. மேலிருந்து படித்து வரும் மனிதருக்கு அது விளங்கும். நடுவில் நுழையும் இயந்திரத்திற்கு விளங்காது. விளங்காதபோதும் அது விடை தந்துவிடும்.

இயந்திரத்தை வாசகராகக் கருதி எழுதும் பழக்கமும் பெங்களூருக்குப் புதிதன்று. இந்திய அறிவியல் கழகம் 2002இல் தன் ஆய்வாளர்களின் கட்டுரைகளுக்காக ஒரு திறந்த களஞ்சியத்தை அமைத்தது. இந்தியாவின் முதல் நிறுவனக் களஞ்சியமாகக் கருதப்படும் அதற்கு, சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் உருவான இபிரிண்ட்ஸ் என்ற திறமூல மென்பொருள் பயன்பட்டது. கழகம் அதைத் தன் சொந்த சர்வரிலேயே நிறுவியது. ரங்கநாதனின் மையமும் அப்பத்தாண்டிலேயே டிஸ்பேஸ் மென்பொருளைக் கொண்டு நூலகர்களுக்கான மின்னூலகம் ஒன்றை நடத்தியது. இக்களஞ்சியங்கள் ஒவ்வொரு கட்டுரைக்கும் தலைப்பு, ஆசிரியர், நாள், பொருள் ஆகியவற்றைத் தனித்தனிப் புலங்களில் பதிந்தன. அவற்றைத் தொலைவிலுள்ள இயந்திரங்கள் அறுவடை செய்வதற்கெனத் திறந்த ஆவணக நெறிமுறை ஒன்றும் இருந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 2002இல் வெளியானது. நன்கு பதிந்த விவரம் உலகெங்கும் தேடலில் கிடைத்தது. அரைகுறையாகப் பதிந்தது, களஞ்சியத்தில் இருந்தும் இல்லாததாயிற்று.

இணையத்திலும் இதற்கு இணையான வரலாறு ஒன்று உண்டு. எந்தப் பக்கங்களுக்குள் இயந்திரம் நுழையக்கூடாது என்று அறிவிக்கும் ரோபாட்ஸ் கோப்பை 1994இல் மார்ட்டின் கோஸ்டர் முன்மொழிந்தார். எந்தப் பக்கங்கள் உள்ளன என்று அறிவிக்கும் தளவரைபடக் கோப்பைக் கூகுள் 2005இல் அறிமுகப்படுத்தியது. 2024 செப்டம்பரில் ஜெரமி ஹோவர்ட், பெருமொழி மாதிரிகளுக்கென ஓர் எளிய உரைக்கோப்பை முன்மொழிந்தார். திட்டத்தின் பெயர், அதன் சுருக்கம், முக்கியப் பக்கங்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒருவரி விளக்கம் ஆகியவை அதில் இடம்பெறும். நூலகவியலில் பயின்றோர் அதைப் பார்த்ததும் பட்டியல் அட்டையின் சாயலை உணர்வர்.

எனினும் அக்கோப்பை மட்டும் சேர்ப்பதால் கையேடு சீராகிவிடாது. உட்பக்கங்கள் குழப்பமாக இருந்தால் அட்டவணை அக்குழப்பத்திற்கே வழிகாட்டும். கூறுப் பகுப்பாய்வைக் கையேட்டுக்குப் பொருத்தினால் செய்யவேண்டியவை தெளிவாகும். ஒவ்வொரு பகுதியும் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எவ்வகை நிறுவல், எந்தச் செயல், எந்த முன்தேவை ஆகியவற்றைத் தன் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். மேம்படுத்தல் என்ற தலைப்பைவிட, இன்ன பதிப்பிலிருந்து இன்ன பதிப்புக்கு டாக்கர் வழி மேம்படுத்தல் என்ற தலைப்பு மேலானது. எச்சரிக்கை, கட்டளைக்கு முன்னால் அதே பத்தியில் வரவேண்டும். கட்டளை சரியாக இயங்கினால் திரையில் என்ன தோன்றும் என்பதையும் எழுத வேண்டும். திரைப்படத்தில் மட்டும் காட்டிய விவரத்தைச் சொற்களிலும் தர வேண்டும். பழைய பதிப்பின் பக்கங்களை நீக்காவிட்டாலும், அவை காலாவதியானவை என்ற குறிப்பை ஒவ்வொன்றின் தலையிலும் பொறிக்க வேண்டும். காலம் என்னும் கூறு விடுபட்ட கையேடுதான் மிகுந்த தீங்கு விளைவிப்பது.

சொல்லாட்சியிலும் ஒழுங்கு தேவை. ஒரே பொருளை ஒரு பக்கத்தில் பட்டியல் என்றும், மறுபக்கத்தில் குழு என்றும், வேறிடத்தில் சந்தாதாரர் தொகுப்பு என்றும் குறித்தால் மனிதர் ஊகித்துக்கொள்வார். இயந்திரம் மூன்று வெவ்வேறு பொருள்களாகக் கொள்ளவும் கூடும். ஒரு பொருளுக்கு ஒரு சொல்லை நிலைப்படுத்தி, மற்றச் சொற்களிலிருந்து அதற்கு வழிகாட்டுவது நூலகப் பட்டியல்களின் நெடுங்கால வழக்கம்.

இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. ரங்கநாதன் பகுப்பு முறையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வாசகரோடு பேசி அவர் தேவையை அறியும் நூலகரின் பணியையும் வலியுறுத்தினார். கேட்ட கேள்வி ஒன்றாகவும் தேவை வேறாகவும் இருக்கும்போது, நல்ல நூலகர் எதிர்க்கேள்வி கேட்பார். மொழி மாதிரி பலவேளைகளில் கேட்டதற்கு உடனே விடையளித்துவிடும். ஆகவே தரவு அழியக்கூடிய இடங்களில், இதைச் செய்யும் முன் பயனரிடம் இன்னதைக் கேட்டறிக என்று கையேடே குறிப்பிடுவது நல்லது. 2025இல் பரவிய ஏஜென்ட்ஸ் கோப்பு என்னும் வழக்கம் இதற்கு இடமளிக்கிறது. மூலநிரலோடு சேர்த்து வைக்கும் அக்கோப்பு, நிரல் எழுதும் கருவிகளுக்கான அறிவுறுத்தல்களைக் கொண்டது.

மற்றொரு சிக்கல் சிறு திட்டங்களின் பொருள்வலிமையைச் சார்ந்தது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் தானியங்கிகள் ஓயாமல் பக்கங்களை இறக்குவதால் சர்வர்கள் திணறுகின்றன. 2024 ஜனவரி முதல் தன் படங்கள் மற்றும் காணொளிகளுக்கான தரவிறக்கம் 50 விழுக்காடு உயர்ந்ததாக விக்கிமீடியா அறக்கட்டளை 2025இல் தெரிவித்தது. நோம் திட்டம் தன் நிரல் தளத்தைக் காக்க அனுபிஸ் என்னும் தடுப்பு மென்பொருளை நிறுவியது. இரண்டு மூன்று தன்னார்வலர்கள் நடத்தும் திட்டத்திற்கு இச்சுமை பன்மடங்கு கடினமானது. இயந்திரத்திற்கு உகந்த கையேடு என்பதன் பொருள் எல்லாத் தானியங்கிகளுக்கும் கதவைத் திறந்துவிடுவது ஆகாது. கையேட்டின் எளிய உரை வடிவத்தை மென்பொருளோடு இணைத்தே வழங்கினால், பயனரின் கருவி அதைப் பயனரின் கணினியிலேயே படித்துக்கொள்ளும். நிறுவிய பதிப்புக்குரிய கையேடே அதற்குக் கிடைக்கும். திட்டத்தின் சர்வரும் ஓய்வு பெறும்.

1972 செப்டம்பரில் ரங்கநாதன் பெங்களூரில் மறைந்தார். வாசகரின் நேரத்தைக் காப்பது நூலகரின் கடமை என்று அவர் கருதினார். சொந்த சர்வரில் மென்பொருளை நிறுவுபவரின் நேரமும் அவர் சேர்த்துவைத்த தரவுகளும் இன்று கையேட்டு ஆசிரியரின் பொறுப்பில் உள்ளன. இடையில் ஓர் இயந்திரம் வந்து அமர்ந்ததால் அப்பொறுப்பு குறையவில்லை. இயந்திரம் தவறவிடக்கூடிய சூழலையும் சேர்த்து எழுதும் வேலை கூடியிருக்கிறது. அவ்வாறு எழுதிய கையேடு, இயந்திரத்தின் துணையின்றிப் படிக்கும் மனிதருக்கும் முன்னைவிடத் தெளிவாக இருக்கும்.