தோல் கழலை நோய்: ஒரு தொழுவத்தைக் காக்க வட்டாரமே சேர வேண்டும்

பொங்கலையொட்டி லிட்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்படும் மாடுகளையும் கன்றுகளையும் காணக் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் கூடும். சிங்கப்பூரில் எஞ்சியுள்ள மாடுகள் மிகச் சில. அவற்றையும் விட்டுவைக்காத நோய் ஒன்று 2022 மார்ச்சில் லிம் சூ காங் வட்டாரத்தில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. அதுதான் தோல் கழலை நோய். மாட்டு அம்மை என்றும் சொல்வார்கள்.

தேக்காவும் மாடுகளும்

ஒரு காலத்தில் சிராங்கூன் சாலை வட்டாரமே மாட்டுச் சந்தையாக இருந்தது. நீரும் புல்லும் நிறைந்த அப்பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் மாட்டு வணிகம் செழித்தது. மேய்ப்பதிலும் பால் விற்பதிலும் இந்தியர்கள் பலர் ஈடுபட்டனர். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு ஆகிய பெயர்கள் அதற்குச் சான்று. ‘கண்டாங் கெர்பாவ்’ என்றால் மலாய் மொழியில் எருமைத் தொழுவம். கல்கத்தாவிலிருந்து வந்து மாட்டு வணிகம் செய்த ஐசக் ரஃபேல் பெலிலியோஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது பெலிலியோஸ் ரோடு. சதுப்பு நிலங்கள் தூர்க்கப்பட்டு நகரம் வளர்ந்ததும் தொழுவங்கள் மறைந்தன.

நோயும் அறிகுறிகளும்

செம்மறி அம்மை, வெள்ளாட்டு அம்மைக் கிருமிகளின் இனத்தைச் சேர்ந்த கிருமியால் இந்நோய் வருகிறது. கடும் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், தீவனம் எடுக்காமை ஆகியவை முதலில் தெரியும். பிறகு உடல் முழுவதும் 2 முதல் 5 சென்டிமீட்டர் வரையிலான கழலைகள் எழும்பும். கறவை சட்டென்று குறையும். சினைமாடு கன்று வீசக்கூடும்.

பெரும்பாலான மாடுகள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பால் வற்றி, உடல் மெலிந்து, தேற மாதக்கணக்காகும். ஒன்றிரண்டு மாடுகளை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அதுவே பேரிடி. இந்நோய் மனிதர்களைத் தொற்றாது.

எல்லை தாண்டிய பயணம்

1929ல் இன்றைய ஸாம்பியாவில் முதலில் அறியப்பட்ட இந்நோய், பல்லாண்டு காலம் ஆப்பிரிக்காவுக்குள்ளேயே இருந்தது. 2019ல் பங்ளாதேஷையும் இந்தியாவையும் எட்டியது. 2020ல் இலங்கை, வியட்னாம். 2021ல் தாய்லாந்து, மலேசியா. 2022 தொடக்கத்தில் இந்தோனீசியாவின் ரியாவ் மாநிலம், சிங்கப்பூர் என அடுத்தடுத்துப் பரவியது. இந்தியாவில் 2022ல் மட்டும் 150,000க்கும் மேற்பட்ட மாடுகள் மடிந்தன.

மாட்டு ஈ, கொசு, உண்ணி ஆகியவையே முக்கியமாக இதைப் பரப்புகின்றன. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவாலும் பரப்ப முடியும் என்பது ஆய்வில் தெரியவந்துள்ளது. நெடுந்தூரம் கொண்டுசெல்வது பெரும்பாலும் லாரியில் ஏற்றப்படும் மாடுதான். கிருமி தொற்றிய மாட்டில் கழலை தெரிய நான்கு வாரம் வரை ஆகலாம் என்பதால், பார்வைக்கு நன்றாக இருக்கும் மாடே நோயைச் சுமந்து எல்லை கடந்துவிடும்.

பால்கன் நாடுகள் காட்டிய வழி

2015ல் கிரீசுக்கும், மறு ஆண்டு பல்கேரியா, செர்பியா, அல்பேனியா உள்ளிட்ட நாடுகளுக்கும் நோய் பரவியது. ஐரோப்பிய ஒன்றியம் தடுப்பூசிகளைப் பொதுவில் சேர்த்துவைத்து நாடுகளுக்கு வழங்கியது. நோய் கண்ட தொழுவங்களோடு நில்லாமல் வட்டாரம் முழுவதும் ஊசி போடப்பட்டது. நோயே வராத குரோவேஷியாவும் முன்கூட்டியே போட்டது. 2016ல் 7,483 ஆக இருந்த நோய்ப்பரவல் நிகழ்வுகள் 2017ல் 385 ஆகக் குறைந்தன.

பக்கத்து நாட்டு மாட்டுக்குப் போடும் ஊசி நம் மாட்டுக்கும் காவல் என்பதே இதில் கிடைக்கும் பாடம். தென்கிழக்காசியாவுக்கும் இது பொருந்தும். நோய் கண்டதும் உலக விலங்குநல அமைப்புக்குத் தெரிவிப்பது, மாடு ஏற்றிச் செல்வதைக் கட்டுப்படுத்துவது, எல்லையின் இருபுறமும் ஒரே காலத்தில் தடுப்பூசி போடுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பலன். இவற்றில் ஒரு நாடு பின்தங்கினாலும் மற்ற நாடுகளின் உழைப்பு வீணாகும்.

மாடு வளர்ப்போர் கவனத்துக்கு

மலேசியத் தோட்டப்புறங்களிலோ ஊரிலோ மாடு வைத்திருப்போர் செய்ய வேண்டியவை:

- புதிதாக வாங்கிய மாட்டை 28 நாள் தனியே கட்டிவைத்துக் கவனிக்கவும்.
- கழலை தெரிந்தால் மாட்டைத் தனியே பிரித்து, கால்நடை மருத்துவத் துறைக்கு உடனே தெரிவிக்கவும். மறைத்து விற்பது ஊரையே பாதிக்கும்.
- சாணத்தையும் ஈரத் தீவனத்தையும் தேங்கவிடாதீர். மாட்டு ஈ அங்கேதான் பெருகும். தண்ணீர் தேங்கும் பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்கவும்.
- மாலையில் போடும் புகைமூட்டம் ஈ, கொசுவைச் சற்று விரட்டும். அது தடுப்பூசிக்கு ஈடாகாது.
- ஒரே ஊசியைப் பல மாடுகளுக்குப் பயன்படுத்தக் கூடாது.
- பாலைக் காய்ச்சியே குடிக்கவும்.

நம்பிக்கை தரும் முன்னுதாரணம்

நம் தாத்தா பாட்டி காலத்தில் தொழுவங்களைக் காலியாக்கிய வெக்கை நோய், 2011ல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் அது. நாடுகள் ஒன்றுசேர்ந்து தடுப்பூசி போட்டு, தொடர்ந்து கண்காணித்ததால் அது முடிந்தது. தோல் கழலை நோய்க்கும் தடுப்பூசி கையில் இருக்கிறது. தேவைப்படுவது அண்டை நாடுகளின் கூட்டு முயற்சிதான்.