கோலார் தங்கவயல் நிலத்தடி ஆய்வுகள்

கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்துத் தங்கச் சுரங்கங்களில் 20ஆம் நூற்றாண்டில் நடந்த அறிவியல் ஆய்வுகள் கோலார் தங்கவயல் நிலத்தடி ஆய்வுகள் எனப்படுகின்றன. அண்டக் கதிர்கள், நியூட்ரினோ, புரோட்டான் சிதைவு ஆகியவை குறித்த இயற்பியல் ஆய்வுகள் இவற்றுள் உலகப் புகழ் பெற்றவை. பாறை வெடிப்பைக் கண்காணிக்கும் நில அதிர்வு உணர்கருவிகளும், தொழிலாளரின் நுரையீரலைத் தாக்கிய சிலிகோசிஸ் பற்றிய மருத்துவ ஆய்வும் இதே சுரங்கங்களில் வளர்ந்தன. பூமியின் வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை நிலத்தடியில் கண்டதாக அறிவித்த முதல் ஆய்வுக் கட்டுரை 1965இல் இங்கு நடந்த சோதனையிலிருந்து வெளிவந்தது.

சுரங்கமும் மக்களும்

தங்கவயலில் நவீன முறைச் சுரங்கத் தொழிலை 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் தொடங்கியது. சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க், மைசூர் ஆகியவை முதன்மையான சுரங்கங்கள். 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தபின் தோண்டும் ஆழம் வேகமாகக் கூடியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றானது. சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசுக்கும் பின்னர் நடுவண் அரசுக்கும் உரியவையாயின. 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் அவற்றை நடத்தியது.

உள்ளே இறங்கி உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதியினர் அவர்களில் மிகுதி. கம்பெனி கட்டிய லைன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இவர்கள் தோண்டிய ஆழமே பிற்காலத்தில் ஆய்வுக்கூடமாகியது.

அண்டக் கதிர் ஆய்வுகள்

விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் வளிமண்டல அணுக்களில் மோதும்போது பல துகள்கள் பிறக்கின்றன. அவற்றுள் மியூவான் என்பது பாறையையும் வெகுதூரம் ஊடுருவும். எவ்வளவு ஆழத்தில் எத்தனை மியூவான்கள் மிஞ்சுகின்றன என்று எண்ணினால், மேலே வந்து விழும் கதிர்களின் ஆற்றலைக் கணிக்கலாம். இதற்கு ஆழமான சுரங்கம் தேவைப்பட்டது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவிய ஹோமி பாபாவின் தூண்டுதலால், 1950களின் தொடக்கத்தில் பி.வி. ஸ்ரீகண்டன் தங்கவயலில் இந்த அளவீடுகளைத் தொடங்கினார். நஞ்சன்கூட்டில் பிறந்த இவர் பின்னாளில் அந்த நிறுவனத்தின் இயக்குநரானார்.

1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் சபுரோ மியாகே, வி.எஸ். நரசிம்மம், பி.வி. ரமண மூர்த்தி ஆகியோர் இன்னும் கீழே சென்று பல ஆழங்களில் அளந்தனர். மிக ஆழமான இடத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் கருவி இயங்கியும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. அந்த வெறுமை ஒரு புதிய ஆய்வுக்கு வழிவிட்டது. மேலிருந்து வரும் மியூவான்கள் எட்டாத இடத்தில் ஒரு துகள் தடம் விழுந்தால், அது நியூட்ரினோவின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

1965: நியூட்ரினோ

நியூட்ரினோ மின்னூட்டம் அற்றது. பூமி முழுவதையும் துளைத்துச் செல்லக்கூடியது. மிக அரிதாகவே அது ஓர் அணுக்கருவில் மோதும். அப்படி மோதும்போது மியூவான் தோன்றினால், அந்த மியூவானைக் கொண்டு நியூட்ரினோ வந்ததை அறியலாம். மேற்பரப்பில் ஓயாமல் பொழியும் மியூவான்களுக்கு நடுவே இதைப் பிரித்தறிவது இயலாது. அதனால்தான் பாறைக் கூரை வேண்டியிருந்தது.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம் ஆகியவை கூட்டாக இச்சோதனையை நடத்தின. எம்.ஜி.கே. மேனன், ஸ்ரீகண்டன், ஆர்னால்டு வுல்ஃபெண்டேல், மியாகே ஆகியோர் குழுவின் முன்னணியில் இருந்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஹீத்கோட் ஷாஃப்ட் வழியாக இறங்கி, 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகள் அமைக்கப்பட்டன. அடர்த்தி மிகுந்த கோலார்ப் பாறையில் அந்த ஆழம் ஏறத்தாழ 7,000 மீட்டர் நீருக்குச் சமமான தடுப்பு.

கருவியின் அமைப்பு எளிமையும் நுட்பமும் சேர்ந்தது. மின்னூட்டத் துகள் பாய்ந்தால் கணநேரம் ஒளி உமிழும் பிளாஸ்டிக் தகடுகள் இரு செங்குத்துச் சுவர்களாக நிறுத்தப்பட்டன. தகடுகளின் ஒளியை ஒளிப்பெருக்கிக் குழாய்கள் மின்துடிப்பாக மாற்றின. இரு சுவர்களும் ஒரே நேரத்தில் மின்னினால், நடுவே அடுக்கியிருந்த நியான் குழாய்களுக்கு உயர் மின்னழுத்தம் பாயும். துகள் கடந்து சென்ற குழாய்கள் மட்டும் சிவந்து ஒளிரும். கேமரா அந்தத் தடத்தைப் படமெடுக்கும். சுவர்கள் செங்குத்தாக நின்றதற்குக் காரணம் உண்டு. பாறையைத் தாண்டி மிஞ்சும் மியூவான்கள் பெரும்பாலும் நேர் மேலிருந்து வரும். நியூட்ரினோவால் பிறப்பவை பக்கவாட்டிலும் வரும். எனவே படுக்கைவாட்டத் தடமே தேடியவர்களுக்கு உரிய அடையாளம்.

அதே காலத்தில் ஃபிரெடரிக் ரெய்ன்ஸ் குழுவினர் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் ராண்ட் தங்கச் சுரங்கத்தில் இதே தேடலில் இருந்தனர். அவர்களது கருவி 1965 பிப்ரவரியிலேயே முதல் தடத்தைப் பதிவு செய்தது. கோலார் குழுவின் முதல் தடம் சில வாரங்கள் கழித்துக் கிடைத்தது. ஆயினும் கோலார் கட்டுரை 1965 ஆகஸ்ட் 15 அன்றும், ரெய்ன்ஸ் குழுவின் கட்டுரை அதே மாத இறுதியிலும் அச்சேறின. முதலில் பதிவு செய்த பெருமை அங்கும், முதலில் வெளியிட்ட பெருமை இங்குமாகப் பகிரப்படுகிறது. இரண்டும் தங்கச் சுரங்கங்கள் என்பது தற்செயல் அன்று: அந்நாளில் அத்தனை ஆழத்துக்கு மனிதரை இறக்கியது தங்கமே.

1970களில் இக்கருவிகளில் வழக்கத்துக்கு மாறான சில பலதடப் பதிவுகள் கிடைத்தன. 1975இல் வெளியான இவை கோலார் நிகழ்வுகள் என்று அழைக்கப்படுகின்றன. அவற்றுக்கு எல்லாரும் ஒப்பிய விளக்கம் இதுவரை அமையவில்லை.

புரோட்டான் சிதைவுத் தேடல்

அடிப்படை விசைகளை ஒன்றிணைக்க முயன்ற 1970களின் கோட்பாடுகள், புரோட்டானும் என்றோ ஒருநாள் சிதையும் என்று கூறின. ஒரு புரோட்டானைக் காலமெல்லாம் காத்திருந்து பார்க்க முடியாது. எண்ணற்ற புரோட்டான்கள் அடங்கிய பெரும் பொருண்மையைக் கவனிப்பதே வழி. 1980இல் ஏறத்தாழ 140 டன் எடையுள்ள கருவி 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் இயங்கத் தொடங்கியது. இத்தேடலுக்கென்றே உலகில் அமைக்கப்பட்டவற்றுள் முதலில் இயங்கியவற்றில் இது ஒன்று. வாயு நிரப்பிய சதுர இரும்புக் குழாய்கள் வரிசை மாற்றி அடுக்கப்பட்டிருந்தன. அந்தக் குழாய்களே கவனிக்கப்படும் பொருளாகவும் துகளை உணரும் கருவியாகவும் பயன்பட்டன. 1980களின் நடுவில் இரண்டாவது, பெரிய கருவி ஒன்றும் நிறுவப்பட்டது.

சிதைவாக இருக்கலாம் எனக் கருதத்தக்க சில பதிவுகளைக் கோலார் குழு அறிவித்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அமைந்த பெரிய நீர்த்தொட்டிக் கருவிகள் அதை உறுதிசெய்யவில்லை. புரோட்டான் சிதைவு இன்றுவரை எங்கும் காணப்படவில்லை. சுரங்கத்தின் ஆழ்தளங்கள் மூடப்பட்டு வந்ததால் 1990களின் தொடக்கத்தில் இயற்பியல் ஆய்வுகள் முடிவுக்கு வந்தன.

பாறை வெடிப்பும் உணர்கருவிகளும்

தாதுவை வெட்டியெடுத்த வெற்றிடங்களைச் சுற்றிப் பாறையின் அழுத்தம் குவிகிறது. தாங்கும் எல்லை மீறியதும் பாறை திடீரென நொறுங்கிச் சிதறும். ராக் பர்ஸ்ட் எனப்படும் இது தங்கவயலில் பல உயிர்களைக் குடித்தது. பெரும் வெடிப்புகளின் அதிர்வு மேலே குடியிருப்புகளிலும் உணரப்பட்டது. 1978இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையுடன் இங்கு நுண் அதிர்வுகளைப் பதியும் வலையமைப்பு உருவானது.

இதன் அடிப்படைக் கருவி ஜியோஃபோன். காந்தத்துக்கும் கம்பிச் சுருளுக்கும் இடையே அதிர்வு உண்டாக்கும் சிறு அசைவை அது மின்குறியாக மாற்றுகிறது. ஒரே அதிர்வு பல கருவிகளை எட்டும் நேர வேறுபாட்டைக் கொண்டு, அது எந்தத் தளத்தில் தோன்றியது என்று கணக்கிடலாம். எந்தப் பகுதியில் அதிர்வுகள் பெருகுகின்றன என்று தெரிந்தால் ஆட்களை அங்கிருந்து விலக்க வழி பிறக்கும். 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் நிறுவப்பட்டது. சுரங்கம், அணை, சுரங்கப்பாதை ஆகியவற்றின் பாறை உறுதியை ஆராய்வது அதன் பணி.

சிலிகோசிஸ்

தங்கம் படிந்த படிகக்கல்லில் துளையிடும்போது எழும் சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கித் தழும்பேற்றுகிறது. மூச்சுத்திணறல் ஆண்டுக்காண்டு கூடும். காசநோயும் எளிதில் தொற்றும். தழும்பான நுரையீரலை மீட்கும் மருந்து இல்லை. இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றிய முதல் முறையான அறிக்கை கோலார்ச் சுரங்கங்களிலிருந்து 1947இல் வந்ததாக மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. பின்னர் 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலும் 1952 சுரங்கங்கள் சட்டத்திலும் இது கட்டாயமாக அறிவிக்கவேண்டிய நோயாயிற்று. நீர் பாய்ச்சித் துளையிடுதல், காற்றோட்டம், மார்பு எக்ஸ்ரே ஆகியவை இதைத் தடுக்கவும் காலத்தில் கண்டறியவும் உதவும் வழிகள்.

முடிவும் தொடர்ச்சியும்

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. நீரிறைப்பு நின்றதால் ஆழ்தளங்கள் நீரில் மூழ்கின. அதே இடத்தில் ஆய்வைத் தொடரும் வாய்ப்பும் போயிற்று. நிலத்துக்கு மேலே சயனைடு கலந்த கழிவு மணல் மேடுகள் எஞ்சின. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சூழலும் வாழ்வாதாரமும் பாதிக்கப்படும் என்ற எதிர்ப்பால் அது நிறைவேறவில்லை. ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் 2017 முதல் ஒரு நிலத்தடி ஆய்வகம் உள்ளது.

கோலாரில் முதலில் அறிவிக்கப்பட்ட வளிமண்டல நியூட்ரினோக்களே பிற்காலத்தில் நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பதைக் காட்டின. ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே 1998இல் அதை நிறுவியது; தகாகி கஜிதா அதற்காக 2015இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த வரலாற்றில் தங்கவயலின் இடம் உறுதியானது. ஆய்வாளர்களின் பெயர்கள் கட்டுரைகளில் உள்ளன. அந்த ஆழத்தை வெட்டி, தூசை உள்ளிழுத்து, வெடித்த பாறைக்கு அடியில் மாண்ட தொழிலாளரின் பெயர்கள் எந்த ஆய்வேட்டிலும் இல்லை. அவர்களின் உழைப்பையும் நோயையும் சேர்த்து எழுதும்போதே கோலார் ஆய்வுகளின் வரலாறு முழுமை பெறும்.