வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு



உங்களில் சிலர் அமெரிக்காவில் சான் ஹோசே பக்கம் வேலை பார்க்கிறீர்கள். அங்கே கிழக்கே ஹாமில்டன் மலை உச்சியில், சுமார் 4,200 அடி உயரத்தில், வெள்ளைக் குவிமாடங்கள் தெரியும். அதுதான் லிக் வானாய்வகம். 1888 முதல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நடத்துகிறது.

பணம் கொடுத்தவர் ஜேம்ஸ் லிக். தச்சரின் மகன், பியானோ செய்து பிழைத்தவர். சான் பிரான்சிஸ்கோவில் நிலம் வாங்கிப் பெரும் செல்வரானார். தனக்கு ஒரு பிரமிடு கட்டிக்கொள்ள நினைத்தவர், பிறகு மனம் மாறித் தொலைநோக்கிக்காக 7 லட்சம் டாலர் எழுதிவைத்தார். 1876இல் இறந்தார். அவர் உடல் இன்றும் அந்த 36 அங்குலத் தொலைநோக்கியின் தூணுக்கு அடியில்தான் இருக்கிறது. திறந்தபோது வில்லை வைத்த தொலைநோக்கிகளில் உலகிலேயே பெரியது அதுதான்.

நான் சொல்ல வந்தது எட்வர்ட் பர்னார்டு பற்றி. பிறக்கும் முன்பே தந்தையை இழந்தவர். பள்ளிக்குப் போனது இரண்டே மாதம். ஒன்பது வயதில் புகைப்பட நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சூரியன் நகர நகர ஒரு பெரிய கருவியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கருவியின் பெயர் 'ஜூபிடர்', அதாவது வியாழன்!

வானியலைத் தானே கற்று, லிக் வானாய்வகத்தில் வேலைக்கு வந்தார். ஆனால் பெரிய தொலைநோக்கி அவர் கைக்குக் கிடைக்கவில்லை. விடாமல் கேட்டார். 1892இல் வாரம் ஒரு இரவு, வெள்ளிக்கிழமை, கொடுத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 9, வெள்ளிக்கிழமை இரவு, வியாழனின் ஐந்தாவது நிலவைக் கண்டுபிடித்தார். கலிலியோ 1610இல் நான்கைக் கண்டபின், 282 ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாதது அது.

தொடக்க காலத்திலேயே சனிக்கிழமை இரவுகளில் பொதுமக்களுக்கும் அந்தத் தொலைநோக்கியைத் திறந்துவிட்டார்கள்.  பக்கத்தில் இருப்பவர்கள் இப்போது பார்க்க முடியுமா என்று விசாரித்துக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள்.

நம் பள்ளிகளில் நுண்ணோக்கி பீரோவில் பூட்டியே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். "பிள்ளைகள் தொட்டால் உடைந்துவிடும்" என்பார்கள். உடைந்தால் வேறு வாங்கலாம். ஒரு பிள்ளையின் ஆர்வம் போனால் எங்கே வாங்குவது?

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, அந்தப் பீரோவைத் திறந்துவிடுங்கள். வாரம் ஒரு பாடவேளை போதும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்